நியூயார்க் 1911: ஒரு தீ விபத்தும் தொழிலாளர் சட்டங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் 1890களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 1920 வரையிலான காலத்தை ‘முற்போக்குக் காலம்’ என்று வரலாற்றாசிரியர்கள் வழங்குவர். அந்நாட்டைப் பேரரசாகவும் போர் தொடுக்கும் வல்லரசாகவும் மட்டுமே அறிந்து பழகிய நமக்கு, அதன் உள்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் தன் சமூகத்தின் அநீதிகளோடு மல்லுக்கு நின்றது என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வருமான வரி, மேலவை உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், மதுவிலக்கு, பெண்களுக்கு வாக்குரிமை ஆகிய நான்கு அரசியலமைப்புத் திருத்தங்கள் 1913க்கும் 1920க்கும் இடையில் நிறைவேறின. இவை ஒவ்வொன்றும் தனி நூலாக விரியத் தக்கவை. இக்கட்டுரை அவற்றை விட்டுவிட்டு, ஒரே நகரில், ஒரே மாலையில் நிகழ்ந்த ஒரு தீ விபத்தையும் அதன் பின்விளைவுகளையும் எடுத்துக்கொள்கிறது. சீர்திருத்தம் என்பது உண்மையில் எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே தடைப்படுகிறது, யாரை வெளியே நிறுத்திவிடுகிறது என்ற வினாக்களுக்கு இந்த ஒரு நிகழ்வு தரும் விடை, பொதுப்படையான வரலாறு தரும் விடையைக் காட்டிலும் தெளிவானது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் அமெரிக்கத் தொழில்துறை அசுர வளர்ச்சி கண்டது. எண்ணெய், எஃகு, இரயில் ஆகிய துறைகள் சிலர் கையில் குவிந்தன. தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இலட்சக்கணக்கான ஏழைகள் கப்பலேறி வந்து நகரங்களின் நெருக்கடிமிகுந்த குடியிருப்புகளில் அடைந்தனர். இந்நிலைமையை அம்பலப்படுத்தியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பத்திரிகையாளர்கள். 1903 ஜனவரி மாத ‘மெக்ளூர்ஸ்’ இதழில் நகராட்சி ஊழலைப் பற்றி லிங்கன் ஸ்டெஃபன்ஸ் எழுதினார். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வரலாற்றை ஐடா டார்பெல் என்ற பெண்மணி ஆவணச் சான்றுகளோடு தொடராக வெளியிட்டார். இத்தகையோரைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906இல் ‘சேறு கிளறுவோர்’ என்று சற்று ஏளனமாகவே குறிப்பிட்டார். ஏளனப் பெயரே பின்னர் அவர்களுக்குப் பட்டமாக நிலைத்துவிட்டது.

அதே 1906இல் வெளிவந்த அப்டன் சின்க்ளேரின் ‘காடு’ என்னும் நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றியது. நூலாசிரியர் எழுத விரும்பியது அங்கு உழன்ற புலம்பெயர்ந்த தொழிலாளியின் துயரத்தை. வாசகர்களோ தங்கள் உணவுத் தட்டில் வரும் இறைச்சியின் தூய்மையைப் பற்றியே கவலை கொண்டனர். சில மாதங்களிலேயே தூய உணவு, மருந்துச் சட்டமும் இறைச்சி ஆய்வுச் சட்டமும் பிறந்தன; தொழிலாளியின் நிலையில் மாற்றமில்லை. சின்க்ளேர் இதைக் குறித்து வருந்தியது பிரசித்தம். நுகர்வோனைக் காக்கும் சட்டம் எளிதில் வந்துவிடும். உழைப்பவனைக் காக்கும் சட்டம் அவ்வளவு எளிதில் வராது என்பதை அன்றைய அமெரிக்கா ஐயமறக் காட்டியது.

இதற்குப் பெருந்தடையாக நின்றவை நீதிமன்றங்கள். ரொட்டி சுடும் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்யக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது. 1905இல் ‘லோக்னர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், அச்சட்டம் முதலாளியும் தொழிலாளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. பசியோடு வாசலில் நிற்பவனுக்கும் வாசலின் உரிமையாளனுக்கும் இடையே உள்ள சுதந்திரம் எத்தகையது என்பதை அத்தீர்ப்பு கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஒரேகான் மாநிலத்தில் பெண்களின் வேலை நேரத்தை வரையறுத்த சட்டத்துக்காக வாதாடிய லூயி பிராண்டைஸ், சட்ட நுணுக்கத்தை இரண்டு பக்கங்களில் முடித்துக்கொண்டு, நூறு பக்கங்களுக்கு மேல் மருத்துவ, தொழிலகப் புள்ளிவிவரங்களை நீதிபதிகள் முன் வைத்தார். அவற்றைத் திரட்டியவர்கள் ஃபுளோரன்ஸ் கெல்லி தலைமை தாங்கிய தேசிய நுகர்வோர் கழகத்தைச் சேர்ந்த பெண்கள். அவ்வழக்கு வென்றது. ஆனால் பெண்ணின் உடல் மெலிவும் தாய்மையும் காரணமாகவே இப்பாதுகாப்பு என்று தீர்ப்பு உரைத்தது. வென்ற அந்த வாதம் பின்னர் எவ்வாறு பெண்களையே தாக்கியது என்பதைப் பின்னால் காண்போம்.

இனி நியூயார்க்கின் ஆடைத் தொழிலுக்கு வருவோம். ‘ஷர்ட்வெய்ஸ்ட்’ எனப்பட்ட பெண்களுக்கான மேற்சட்டை அக்காலத்தில் பெரும் விற்பனைப் பொருள். அதைத் தைத்தவர்கள் பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபத்துமூன்று வயதுவரையிலான யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். ஊசிக்கும் நூலுக்கும் கூலியில் பிடித்தம், தாமதத்துக்கு அபராதம், வெளியேறும்போது கைப்பைச் சோதனை என்பன அன்றாட நடைமுறைகள். 1909 நவம்பர் 22ஆம் நாள் கூப்பர் யூனியன் அரங்கில் நடந்த கூட்டத்தில் தலைவர்கள் மணிக்கணக்கில் நிதானம் போதித்துக்கொண்டிருக்க, அடியாட்களால் விலா எலும்புகள் முறியுமாறு தாக்கப்பட்டு மீண்டிருந்த இளம்பெண் கிளாரா லெம்லிக் மேடையேறி, இத்திஷ் மொழியில், பேச்சு போதும், பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று அறிவித்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தெருவுக்கு வந்தனர். வங்கியதிபர் ஜே. பி. மோர்கனின் மகளே அவர்களுக்கு ஆதரவளித்தார் என்பது அன்றைய பத்திரிகைகளுக்கு வியப்பான செய்தி. 1910 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தபோது பல நிறுவனங்கள் சங்கத்தோடு உடன்பாடு கண்டிருந்தன. சங்கத்தை இறுதிவரை அங்கீகரிக்க மறுத்த நிறுவனங்களுள் ஒன்று டிரையாங்கிள் வெய்ஸ்ட் கம்பெனி.

அதன் உரிமையாளர்கள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ். இவ்விருவரும் குடியேறிகளாக வந்து உழைத்து உயர்ந்தவர்களே. வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகில் பத்து மாடிகள் கொண்ட ஆஷ் கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் அவர்களுடைய தொழிற்சாலை இயங்கியது. கட்டடத்தின் உயரம் 135 அடி. 150 அடியைத் தாண்டியிருந்தால் மரத்தளம் கூடாது என்று நகரின் விதி கூறியது, தாண்டவில்லை. தளத்தின் பரப்பளவுக்கு மூன்று படிக்கட்டுகள் தேவைப்பட்டன, இரண்டே கட்டப்பட்டன. பின்புறச் சுவரில் தொங்கிய மெல்லிய இரும்புப் படிக்கட்டையே மூன்றாவதாகக் கணக்கில் கொள்ளலாம் என்று கட்டடக் கலைஞர் கேட்டு விலக்குப் பெற்றார். தானியங்கி நீர்தெளிப்பான்கள் அக்காலத்தில் கிடைத்தன. பொருத்தப்படவில்லை, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 1910 நவம்பரில் அண்டை நகரான நியூவார்க்கில் தொழிற்சாலை ஒன்று எரிந்து 25 பேர் மாண்டபோது, இதே பேரழிவு நியூயார்க்கிலும் நேரக்கூடும் என்று தீயணைப்புப் படைத் தலைவர் எட்வர்ட் குரோக்கர் எச்சரித்தார்.

1911 மார்ச் 24ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பணியிட விபத்தில் காயமுற்ற தொழிலாளிக்கு, முதலாளியின் தவறு நிறுவப்படாவிடினும் இழப்பீடு வழங்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம், முதலாளியின் சொத்தை முறையற்றுப் பறிப்பதாகும் என்று அத்தீர்ப்பு அச்சட்டத்தை நீக்கியது. மறுநாள் சனிக்கிழமை மாலை 4.40 மணிக்கு, வேலை முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கையில், ஆஷ் கட்டடத்தின் எட்டாம் மாடியில் தீப் பற்றியது.

துணி வெட்டும் மேசையின் அடியில் வாரக்கணக்கில் சேர்ந்திருந்த வெட்டுத்துணிக் குவியலில், அணையாத சிகரெட்டோ தீக்குச்சியோ விழுந்திருக்க வேண்டும். எட்டாம் மாடியிலிருந்தோர் பெரும்பாலும் தப்பினர். அங்கிருந்து பத்தாம் மாடியிலிருந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி சென்றது. உரிமையாளர்கள் உட்பட அங்கிருந்தோர் கூரைமேல் ஏறினர். அடுத்த கட்டடத்துச் சட்ட மாணவர்கள் ஏணி வைத்து அவர்களைக் காத்தனர். பத்தாம் மாடியில் இறந்தவர் ஒருவரே. இடைப்பட்ட ஒன்பதாம் மாடிக்கு எவரும் சொல்லவில்லை. தையல் இயந்திரங்களுக்கிடையே நெருக்கமாக அமர்ந்திருந்த பெண்களுக்குத் தீயே செய்தியைக் கொண்டுவந்தது. கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டைச் சற்று நேரத்தில் தீ அடைத்துவிட்டது. வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. மாலையில் எல்லோரும் ஒரே வழியாக வெளியேறினால்தான் பைகளைச் சோதித்துத் துணித் திருட்டைத் தடுக்க முடியும் என்பதற்காகவே அந்தப் பூட்டு. திருடுபோன பொருள்களின் மதிப்பு எவ்வளவு என்று பின்னர் விசாரணையில் கேட்டபோது, இருபத்தைந்து டாலருக்குள்தான் என்று ஹாரிஸ் ஒப்புக்கொண்டார்.

பின்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பெயர்ந்து, தன்மீது நின்றவர்களோடு கீழே சரிந்தது. மின்தூக்கி இயக்கிய ஜோசப் ஸிட்டோவும் அவருடைய தோழரும் தீக்குள் மீண்டும் மீண்டும் ஏறி, இயன்றவரை ஆட்களை ஏற்றி இறக்கினர். தீயணைப்புப் படை விரைவாகவே வந்தது. அதன் ஏணி ஆறாம் மாடிவரையே எட்டியது. சன்னல் விளிம்புகளில் நின்ற பெண்கள் குதித்தனர். விரித்த வலைகள் கிழிந்தன. அரை மணி நேரத்துக்குள் தீ அடங்கியது. 123 பெண்களும் 23 ஆண்களுமாக 146 பேர் மாண்டனர். அவர்களுள் இளையோருக்கு வயது பதினான்கு. தீப்பிடிக்காத கட்டடம் என்று கூறப்பட்டிருந்த ஆஷ் கட்டடம் உண்மையில் பெரும் சேதமின்றி நின்றது. இன்றும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உடைமையாக நிற்கிறது. அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்ட ஆறு பேரின் பெயர்கள் முழுமையாகக் கண்டறியப்பட நூறு ஆண்டுகள், அதாவது 2011 வரை, ஆயின.

நீதி எவ்வாறு வழங்கப்பட்டது? பிளாங்கும் ஹாரிஸும் 1911 டிசம்பரில் விசாரிக்கப்பட்டனர். எரிந்த கதவின் பூட்டே, தாழ் வெளியே நீண்ட நிலையில், சாட்சியப் பொருளாக வைக்கப்பட்டது. புகழ்பெற்ற வழக்கறிஞர் மாக்ஸ் ஸ்டூயர் அவர்களுக்காக வாதாடினார். தோழி எரிந்ததைக் கண்ட ஒரு பெண்ணிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பக் கூறச் சொன்னார். அவள் ஏறக்குறைய அதே சொற்களில் கூறியதால், இது மனப்பாடம் செய்யப்பட்ட சாட்சியம் என்ற ஐயத்தை நடுவர்கள் மனத்தில் விதைத்தார். கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும் போதாது, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது என்பதை உரிமையாளர்கள் அறிந்திருந்தனர் என்பதும் நிறுவப்பட வேண்டும் என்று நீதிபதி அறிவுறுத்தினார். டிசம்பர் 27இல் இருவரும் விடுதலையாயினர். உரிமையியல் வழக்கு தொடுத்த குடும்பங்களுக்கு 1914இல் ஓர் உயிருக்கு 75 டாலர் வீதம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து உரிமையாளர்கள் பெற்ற தொகையோ, அவர்களுடைய நிரூபிக்கப்பட்ட இழப்பைவிட ஏறத்தாழ 60,000 டாலர் மிகுதி. 1913இல் பிளாங்க் வேறொரு தொழிற்சாலையில் மீண்டும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

ஆகவே நீதிமன்றத்தின் வழியாக எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்தது வேறு வழியில். ஏப்ரல் 2ஆம் நாள் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் செல்வர்கள் கூட்டிய இரங்கல் கூட்டத்தில் ரோஸ் ஷ்னைடர்மன் என்ற தொப்பித் தொழிலாளி பேசினார். உங்கள் அனுதாபத்தையும் நன்கொடையையும் முன்னரே பார்த்துவிட்டோம், உழைப்போர் தம்மைத் தாமே அமைப்பாக்கிக்கொள்வதுதான் வழி என்ற பொருள்பட, தாழ்ந்த குரலில் கூறினார். மூன்று நாள் கழித்துக் கொட்டும் மழையில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மௌன ஊர்வலம் சென்றனர். மக்களின் சினம் நெடுநாள் நீடிப்பதில்லை. இம்முறை அது வடிவதற்குள் ஓர் அமைப்பாகக் கெட்டிப்பட்டது. 1911 ஜூன் 30இல் மாநிலச் சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை நிறுவியது.

அதன் தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் ஆல் ஸ்மித். இவ்விருவரும் டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் ஆட்கள். வாக்குகளை வாங்குவதிலும் ஒப்பந்தங்களைப் பங்கிடுவதிலும் கைதேர்ந்த, ஊழலுக்குப் பெயர்பெற்ற அமைப்பு அது. படித்த, நேர்மையான, நற்குடிச் சீர்திருத்தவாதிகள் அதனை அறவே வெறுத்தனர். எனினும் பல ஆண்டுகளாக அவர்கள் மனுக்கொடுத்தும் ஆகாத காரியத்தை இவ்வூழல் இயந்திரத்தின் வாக்குகளே முடித்துத் தந்தன. இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சேரிகளில் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, மீன்சந்தையில் கூலிவேலை செய்த ஆல் ஸ்மித்துக்கு, இறந்த பெண்களின் வீடுகள் அந்நியமானவையல்ல. அவருடைய தொகுதியும் அதே வட்டாரமே. வேலைநிறுத்தங்களும் சோசலிஸ்டுகளின் வளர்ச்சியும் புதிய குடியேறிகளின் வாக்குகளைக் கொண்டுசென்றுவிடும் என்ற அச்சம் டாமனித் தலைமைக்கும் இருந்தது. இரக்கமும் தேர்தல் கணக்கும் ஒரே திசையில் இழுத்தன.

ஆணையத்தின் பணியில் நான் பெரிதும் மதிக்கும் பகுதி அதன் நேரடி ஆய்வு. முதல் ஆண்டிலேயே 1,836 தொழிலகங்கள் ஆய்வு செய்யப்பட்டன; 222 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். தீ எரிந்த மாலையில் சதுக்கத்தின் ஒரு வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்து, ஓசை கேட்டு ஓடிவந்து, குதித்தவர்களைக் கண்ணால் கண்ட ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி ஆணையத்துக்குத் துணைநின்றார். சட்டமன்ற உறுப்பினர்களை அவர் அறையில் உட்கார விடவில்லை. கயிற்றுத் தொழிற்சாலையில் பத்து மணி நேர இரவுப்பணி முடித்து விடியலில் வெளிவரும் பெண்களை ஸ்மித் காணுமாறு செய்தார். தீக்கால வழி என்று குறிக்கப்பட்டிருந்த சிறு துவாரத்தின் வழியே வாக்னரைத் தவழ வைத்து, பனி படிந்த ஏணியில் முடியும் அவ்வழியின் இலட்சணத்தை உணரவைத்தார். பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் சட்டம் 1912இல் தடுமாறியபோது, டாமனியின் முரட்டுத் தலைவர்களுள் ஒருவரான டிம் சல்லிவன், தம் சகோதரி சிறுவயதில் ஆலையில் பட்ட பாட்டை நினைவுகூர்ந்து, அதற்குத் துணை நின்றார்.

1914க்குள் முப்பத்தாறு சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டலாகாது, உயர்ந்த கட்டடங்களில் நீர்தெளிப்பான் வேண்டும், தீத்தப்புப் பயிற்சி நடத்த வேண்டும், தளத்தில் இருப்போரின் எண்ணிக்கை வெளியேறும் வழியின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும், கழிவுத் துணியைத் தீப்பற்றாத கலத்தில் இட வேண்டும், தொழிற்சாலைக்குள் புகைத்தல் கூடாது என்பன அவற்றுள் சில. மாநிலத் தொழிலாளர் துறை 1913இல் விரிவாக்கப்பட்டது. நீதிமன்றம் நீக்கிய இழப்பீட்டுச் சட்டத்தை மீட்பதற்காக அரசியலமைப்பையே மாநிலம் அவ்வாண்டில் திருத்தியது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்ற விதியிலிருந்து உணவை டப்பாவில் அடைக்கும் தொழிலகங்களுக்கு விலக்களிக்க வேண்டும் என்று அவற்றின் உரிமையாளர்கள் வாதாடியபோது, ஓய்வுநாளைப் புனிதமாகக் கருதுக என்னும் இறைக்கட்டளையைத் தாம் கவனமாகப் படித்ததாகவும் அதில் டப்பாத் தொழிலகங்களுக்கு விலக்கு எதுவும் காணவில்லை என்றும் ஸ்மித் கூறினாராம்.

இச்சீர்திருத்தங்களின் குறைகளையும் மறைத்தலாகாது. பெண்கள் மெலிந்தவர்கள் என்ற அடிப்படையில் பெற்ற பாதுகாப்பு, 1913இல் இரவுப்பணித் தடையாக விரிந்தபோது, நல்ல கூலி பெற்றுவந்த அச்சகப் பெண்கள் போன்றோர் வேலையிழந்தனர். அக்காலச் சீர்திருத்தவாதிகள் பலர் ‘தகுதியற்றோர்’ பெருகுவதைத் தடுக்கும் விஞ்ஞானம் என்ற பெயரில் கட்டாயக் கருத்தடையையும் ஆதரித்தனர். இந்தியானா மாநிலம் 1907இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. முற்போக்குத் தலைவராகப் போற்றப்பட்ட உட்ரோ வில்சனின் ஆட்சி, 1913இல் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைத் தனியே பிரித்து வைத்தது. 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெரும்பரப்பின் மக்களுக்குக் கதவை அடைத்தது. பெர்கின்ஸ் 1933இல் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சராகி, 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் உருவாக்க உழைத்தார். வாக்னரின் பெயரால் 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தது. இம்மூன்றிலும் வயல் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் விலக்கப்பட்டனர். தென் மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளருள் பெரும்பான்மையோர் செய்த வேலைகள் அவையே. புதிய அரசு இயந்திரம் பிறந்தது 1911 மார்ச் 25ஆம் நாளில்தான் என்று பெர்கின்ஸ் முதுமையில் கூறிவந்தார். அந்த இயந்திரம் எங்கே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே அக்கூற்றைப் படிக்க வேண்டும்.

இக்கதை நியூயார்க்கோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்காது. 2012 செப்டம்பர் 11இல் கராச்சியின் பல்தியா நகரில் அலீ என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது திட்டமிட்டுத் தீ வைக்கப்பட்டதே என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீயை வைத்தவர் எவராயினும், கம்பியிட்ட சன்னல்களும் அடைபட்ட வாயில்களுமே அதைப் பெருங்கொலையாக்கின. சில வாரங்களுக்கு முன்புதான் அத்தொழிற்சாலைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவுக்கு அருகில் தாஸ்ரீன் தொழிற்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கருகினர். 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர்.

1911இன் முதலாளி நியூயார்க்கிலேயே இருந்தார். வாக்காளரும் அங்கேயே இருந்தனர். சட்டம் இயற்றும் மன்றமும் அதே மாநிலத்தில் இருந்தது. இன்று தைப்பவர் டாக்காவிலும் அணிபவர் ஐரோப்பாவிலும் இருக்கையில், ஆணையம் அமைக்க வேண்டிய மன்றம் எது? ரானா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் கையெழுத்தான வங்கதேச உடன்படிக்கை இவ்வினாவுக்கு ஒரு விடை தந்தது. ஆடை வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுதந்திரமான பொறியாளர்கள் தொழிற்சாலைகளுக்குள் சென்று ஆய்ந்து அறிக்கையை வெளியிட்டனர். பழுது நீக்காத ஆலையோடு வணிகம் நிறுத்தப்பட்டது. பெர்கின்ஸ் கையாண்ட முறையே இது. மாநில அரசின் இடத்தில் ஒப்பந்தம் நின்றது. 2021இல் அது சர்வதேச உடன்படிக்கையாக விரிந்தது. 2022 டிசம்பரில், பல்தியா தீக்குப் பத்தாண்டுகள் கழித்து, பாகிஸ்தானுக்கும் அதை நீட்டிக்கும் அறிவிப்பு வெளியாயிற்று.